பந்தலூர்த் தேயிலையும் ஒரு வாக்குறுதியும்

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க, 1968-இல் தமிழக வனத்துறை நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976-இல் அது ‘டான்டீ’ என்ற அரசு நிறுவனமானது. பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் பக்கம் காடு தோட்டமாயிற்று. லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடும்பங்கள் வேரூன்றின.

பின்னாளில் டான்டீ நட்டத்தில் விழுந்தது. நிலத்தைக் காட்டுக்கே திருப்பிவிட்டால் யானைக்கும் நல்லது, கஜானாவுக்கும் நல்லது என்ற வாதம் எழுந்தது.

இந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு கொள்கை உண்டு: அதிக நன்மை தருவதைச் செய்வதே கடமை என்று 1903-இல் எழுதினார் தத்துவஞானி ஜி. இ. மூர். 1930-இல் இன்னொரு தத்துவஞானி டபிள்யூ. டி. ராஸ் அதை மறுத்தார். அவர் பார்வையில், கொடுத்த வாக்கும், இழைத்த தீங்குக்கான ஈடும் தம்மளவிலேயே கடமைகள். நன்மை சற்றுக் கூடுகிறது என்பதற்காக அவற்றைக் கைவிட முடியாது. கடமைகள் மோதும்போது எது கனமானது என்பதை அந்தந்தச் சூழலில் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

காட்டை மீட்பதும் கடமைதான். ஆனால் லயத்துக் குடும்பங்களுக்கு வீட்டையும் பிழைப்பையும் உறுதி செய்த பிறகே அதில் இறங்குவது முறை.