ஆயர் அடித்த வெள்ளிக்காசு

இயந்திரம் வருமுன் காசு அடிப்பது கைவேலை. கீழ் அச்சைக் கட்டையில் பதித்து, அதன்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அதனாலேயே பழங்காசுகளின் முத்திரை ஒருபுறம் ஒதுங்கியும் விளிம்பு கோணியும் காணப்படுகின்றன. நம் சோழர் காசுகளும் இவ்வாறு அடிபட்டவையே.

அரசர் மட்டுமன்றி ஆயர்களும் இப்படிக் காசு அடித்தனர் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாயிருக்கும். இடைக்காலத்தின் இறுதியில் மைன்ஸ், ட்ரியர், கொலோன் பேராயர்கள் தத்தம் நிலத்தை ஆண்ட அரசர்களாகவும் விளங்கினர். 1386-இல் பாலட்டினேட் கோமகனோடு கூடி, ரைன் ஆற்றுப் பகுதியில் ஒரே தர நாணயம் வழங்க உடன்பாடும் செய்தனர். இங்கிலாந்தில் டர்ஹம் ஆயருக்கும் கேன்டர்பரி, யார்க் பேராயர்களுக்கும் அக்கசாலைகள் இருந்தன. ஆயினும் அவர்களுக்கு அனுமதிக்கப்பட்டவை இரண்டு பென்னி மதிப்புக்கு மேற்படாத சிறு வெள்ளிக்காசுகளே. யார்க் பேராயர் கர்தினால் வுல்சி அவ்வெல்லையை மீறினார். நான்கு பென்னி மதிப்புள்ள குரோட் காசை அடித்து, எட்டாம் ஹென்றியின் கேடயத்துக்குக் கீழே தமது கர்தினால் தொப்பியையும் பொறித்தார். 1529-இல் அவர் வீழ்ந்தபோது சுமத்தப்பட்ட குற்றங்களுள் அத்தொப்பியும் ஒன்று! நகத்தளவு தொப்பிதான், ஆனால் ஆள்வது யார் என்ற கேள்வி அதில் இருந்தது.

காவிரிக் கரையில் ஆயர் எவரும் காசு அடிக்கவில்லை. இங்கு நேர்ந்தது அதற்குத் தலைகீழ். பதுரவாதோ எனும் ஆதரவுரிமையின்படி, 1606-இல் நிறுவப்பட்ட மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்கு ஆயரை முன்மொழிபவர் போர்ச்சுகல் மன்னரே. அங்கே ஆயர் கையில் அரசனின் அச்சு. இங்கே அரசன் கையில் ஆயரின் கோல். இரண்டில் எது பெரிய கேடு எனக் கேட்டால், இரண்டாவதே என்போம்.

புனிதர்களும் அரசனின் காசில் ஏற்றப்பட்டனர். கோவாவில் பொற்காசில் புனித தோமையார். செராபின் எனும் வெள்ளிக்காசில் புனித செபஸ்தியார், மறுபுறம் அம்புகள். 1583 முதல் கோவாப் பேராயரிடம் செயலராயிருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், 1596-இல் வெளியிட்ட நூலில் இவ்வெள்ளி மட்டமானது என எழுதுகிறார். மேலே மறைசாட்சி, உள்ளே கலப்படம். காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என ஒரே சொல்லை வழங்கும் நமக்கு இது உறுத்தாமலிராது. கோவாக் கடைத்தெருவில் அடிமைகள் ஏலம் போனதையும் அந்நூலே கூறுகிறது. அந்த விலையில் செபஸ்தியாரும் கைமாறியிருப்பார்.

1950-இல் போர்ச்சுகல் மயிலாப்பூர் மீதான முன்மொழியும் உரிமையைத் துறந்தது. 1952-இல் அதிலிருந்து பிரிந்து நம் தஞ்சை மறைமாவட்டம் பிறந்தது. அதன் ஆயரை நியமிக்க உரோமை லிஸ்பனைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.