உழைச்செல்வான் முதல் செவிலியர் வரை: அடிப்படைச் செவிலியக் கருத்தாக்கங்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

செவிலியப் படிப்பின் முதலாண்டில் கற்பிக்கப்படும் அடிப்படைச் செவிலியம், பெரும்பாலும் செய்முறைகளின் வரிசையாகவே மாணவர்களைச் சென்றடைகிறது. படுக்கை விரித்தல், உடல் துடைத்தல், வெப்பநிலை பார்த்தல், புரட்டிப் படுக்க வைத்தல் ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் நோயைக் குறித்த ஒரு கருத்தும், அக்கருத்து உருவான வரலாறும் உள்ளன. பணிவிடை என்று கருதப்பட்ட ஒரு தொழில், நோக்கி அறியும் அறிவுத்துறையாக வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ், வடமொழி மருத்துவ மரபு, நைட்டிங்கேலின் கொள்கை, மூன்று பொது நோய்நிலைகளின் வரலாறு, சென்னை மாகாணச் செவிலியக் கல்வி, நோயாளியின் மொழி ஆகியன இதில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செவிலியம், உழைச்செல்வான், ஆதுலர்சாலை, நைட்டிங்கேல், படுக்கைப்புண், நீரிழப்பு, சென்னை மாகாணம்.

முன்னுரை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவும் மருந்துகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. நோயாளியின் அருகில் இரவும் பகலும் இருப்பவரின் அறிவு அவ்வரலாற்றில் அரிதாகவே பேசப்படுகிறது. அவர் செய்வன எளியவை, எவரும் செய்யக்கூடியவை என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் எங்ஙனம் உருவாயிற்று, எவ்வெவ்விடங்களில் அது பொய்யாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா. செவிலியர் பிறர் சொன்னதைச் செய்பவரா, தாமே அறிந்து செய்பவரா என்னும் கேள்வி இவ்வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

1. மருந்தின் நான்கு உறுப்புகள்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் (95), மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்து நிறைவு பெறுகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனை இயற்றுபவர் என்பன அவை. இறுதியில் நிற்பவரையே வள்ளுவர் உழைச்செல்வான் என்கிறார். ‘உழை’ என்பதற்குப் பக்கம், இடம் என்பது பொருள். எனவே நோயாளியின் பக்கத்தில் இயங்குபவர் என்பது அச்சொல்லின் பொருளாகிறது. இந்நான்கும் சேர்ந்தே ‘மருந்து’ எனப்படுவதால், அருகிருப்பவர் மருந்துக்குப் புறம்பானவர் அல்லர். மருந்தின் ஓர் உறுப்பு ஆவார்.

இவ்வகுப்பு வடமொழி மருத்துவ மரபிலும் உண்டு. சரக சம்ஹிதையின் சூத்திரத்தானம் ஒன்பதாம் அத்தியாயம், அருகிருப்பவருக்குப் பணிவிடை முறை அறிதல், செயல்திறன், அன்பு, தூய்மை என நான்கு பண்புகளைக் கூறுகிறது. குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் கூறும் நான்கும் இவற்றோடு பெரிதும் ஒத்துவருகின்றன. நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, மருத்துவர் சொல்லியவற்றை முறைப்படச் செய்யும் வன்மை, அறிவு என அவர் அவற்றை வகுக்கிறார். சொல்லியதைச் செய்யும் திறனும் அறிவும் இங்கே தனித்தனியே எண்ணப்படுவது கருதத்தக்கது. கீழ்ப்படிதல் மட்டும் போதுமெனின் அறிவை நான்காவதாக வைக்க வேண்டிய தேவையில்லை.

இக்கருத்து நிறுவன வடிவம் பெற்றதைத் திருமுக்கூடல் கல்வெட்டில் காணலாம். வீரராசேந்திர சோழன் (ஆட்சி 1063–1070) காலத்து இக்கல்வெட்டு, வீரசோழன் என்னும் ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள் இருந்ததைக் குறிக்கிறது. மருத்துவர், அறுவை மருத்துவர், மூலிகையும் விறகும் கொண்டுவருவோர், மருந்தடும் பெண்டுகள் இருவர் முதலியோருக்கு அளிக்கப்பட்ட ஊதியமும் அதில் பதிவாகியுள்ளது. இப்பெண்டுகளைச் செவிலியர் என ஆய்வாளர்கள் மொழிபெயர்ப்பது வழக்கம். எனினும் ‘அடுதல்’ என்பது சமைத்தல். அவர்கள் நோயாளியைக் கவனித்தும் இருக்கலாம். கல்வெட்டு தரும் பெயரோ மருந்து காய்ச்சும் கைத்தொழிலையே சுட்டுகிறது. இலக்கணமும் உரையும் அறிவை வேண்ட, ஊதியப் பட்டியல் கைவேலையை மட்டுமே பெயரிடும் இம்முரண் பிற்காலத்திலும் தொடர்ந்தது.

2. செவிலியின் நோக்கும் வினாவும்

இன்று கலைச்சொல்லாக நிலைத்துள்ள ‘செவிலியர்’, அகப்பாடல் மரபின் வளர்ப்புத்தாயைச் சுட்டும் சொல்லிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘தாதியர்’ என்பதன் அடியான ‘தாதி’க்குப் பணிப்பெண், செவிலித்தாய் ஆகிய பொருள்கள் உண்டு. இவ்விரு சொற்களுமே இத்தொழிலை உறவாகவோ ஊழியமாகவோ காட்டுகின்றன. எனினும் அகமரபின் செவிலி வெறும் வளர்ப்பவள் அல்லள். தலைவியின் மெலிவையும் நிறமாற்றத்தையும் முதலில் காண்போருள் அவளும் ஒருத்தி. கண்ட மாற்றத்தின் காரணத்தை அறியாது வெறியாட்டுக்கு ஏற்பாடு செய்வதும் அம்மரபில் உண்டு. கண்டது சரி, முடிவு தவறு. மாற்றத்தைக் காணுதல் வேறு, அதன் காரணத்தை வினவி அறிதல் வேறு என்னும் இவ்வேறுபாடே பின்னாளில் செவிலிய அறிவியலின் நடுப்பொருளாயிற்று.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1854 நவம்பரில் 38 பெண்களுடன் ஸ்கூட்டாரி படைமருத்துவமனைக்குச் சென்றார். 1860இல் வெளிவந்த அவருடைய ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ காற்றோட்டம், வெளிச்சம், ஓசை, உணவு, படுக்கை, தூய்மை ஆகியவற்றைத் தனித்தனி இயல்களில் ஆராய்கிறது. நோயாளியை நோக்குதல் பற்றிய இயல் அவற்றுள் முதன்மையானது. நோயின் துன்பங்கள் எனக் கருதப்படுவனவற்றுள் பல, உண்மையில் கவனிப்பின் குறைகள் என்பது அவருடைய அடிப்படை வாதம். குளிர், சோர்வு, உணவு ஏற்காமை, படுக்கைப்புண் ஆகியவற்றைக் காணும்போது நோயைக் குறைகூறுவதற்கு முன் கவனிப்பை ஆராய வேண்டும் என அவர் வலியுறுத்தினார்.

நோய் பரவுதல் பற்றிய அவர்காலக் கொள்கை பிற்காலத்தில் கைவிடப்பட்டது. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்னும் கருத்தையே அவர் சார்ந்திருந்தார். ஆயினும் சாளரத்தைத் திறத்தலும் கழிவை உடனே அகற்றலும் நுண்ணுயிர்க் கொள்கை வந்த பின்னரும் பொருளிழக்கவில்லை. கோட்பாடு மாறியபோதும் நோக்கலில் விளைந்த நடைமுறை நிலைத்தது என்பது செவிலிய வரலாற்றில் மறக்கத்தகாத செய்தி.

3. மூன்று நோய்நிலைகள்

3.1 காய்ச்சல்

நோக்கல் எண்ணாக மாறியது காய்ச்சலில்தான். கார்ல் வுண்டர்லிக் 1868இல் வெளியிட்ட நூல், காய்ச்சலைத் தனி நோயாகக் கொள்ளாமல் பல நோய்களின் அறிகுறியாக நிறுவியது. அக்காலத்திற்குச் சற்று முன் கிளிஃபர்டு ஆல்பட் சிறிய மருத்துவ வெப்பமானியை உருவாக்கினார். ஓரடி நீளக் கருவியை இருபது நிமிடங்கள் வைத்துப் பார்த்த நிலை மாறி, ஆறு அங்குலக் கருவியால் ஐந்து நிமிடங்களில் அளக்கும் நிலை வந்தது. ஒருநாளில் பலமுறை அளப்பது மருத்துவருக்கு இயலாததால் அது செவிலியரின் பணியாயிற்று. ஏறியும் இறங்கியும் செல்லும் கோடாக வெப்பநிலை தாளில் பதிவானபோது, தாம் இல்லாத நேரத்தில் நோயாளிக்கு நேர்ந்ததை மருத்துவர் செவிலியரின் பதிவு வழியாகவே அறிந்தார்.

அளவீடு வந்தபின் நோக்கலின் தேவை குறையவில்லை. குளிர்நடுக்கம் எப்போது தொடங்கியது, வியர்வை எப்போது வந்தது, நோயாளி பிதற்றினாரா என்பவற்றை வெப்பமானி கூறாது. தமிழ்நாட்டு நாடி மரபு துடிப்பின் தன்மையை வளி, அழல், ஐயம் என அறிய முயன்றது. நவீன வார்டு அதன் எண்ணிக்கையை முதன்மையாக்கியது. இன்றைய பாடநூல்கள் எண்ணிக்கையோடு சீர்மையையும் வலிமையையும் பதியச் சொல்வது, எண் மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது.

3.2 படுக்கைப்புண்

நெடுநாள் படுத்திருப்பவருக்கு எலும்பு துருத்தும் இடங்களில் புண் உண்டாகிறது. இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பெலும்பின் பக்கப் பகுதி ஆகியன இதற்கு எளிதில் இலக்காவன. தொடர் அழுத்தத்தால் குருதியோட்டம் தடைப்பட்டுத் திசு இறப்பதே இதன் காரணம். ஈரமும் உராய்வும் ஊட்டக்குறைவும் இதனை விரைவுபடுத்துகின்றன. இதற்குப் பலவகைப் பூச்சுகளைத் தடவுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது.

டோரீன் நார்ட்டன் என்னும் செவிலியரும் அவருடன் பணியாற்றிய இருவரும் 1962இல் வெளியிட்ட முதியோர் செவிலிய ஆய்வு இவ்வழக்கத்தைக் கேள்விக்குட்படுத்தியது. பூச்சைவிட அழுத்தத்தை நீக்குவதே பயன் தரும் என அது காட்டியது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு என்னும் ஐந்து கூறுகளுக்கு மதிப்பெண் இட்டு, புண் தோன்றுமுன்பே ஆபத்தைக் கணிக்கும் முறையையும் அது தந்தது. இதில் மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து மிகும். 1987இல் வெளியான பிரேடன் அளவுகோல் ஊட்டம், உராய்வு, ஈரம் முதலியவற்றைச் சேர்த்து ஆறு கூறுகளாக இதனை விரித்தது. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பவர், அவரை எப்போது, ஏன் புரட்ட வேண்டும் என்பதையும் தாமே ஆராய்ந்து நிறுவியதால் இது செவிலியரின் சொந்த அறிவு எனலாம்.

3.3 நீரிழப்பு

வயிற்றுப்போக்கால் இறப்போர் உண்மையில் இறப்பது நீரும் உப்பும் இழந்தே. குழிந்த கண், கிள்ளிவிட்டால் மெல்ல மீளும் தோல், வறண்ட நாக்கு, குறைந்த சிறுநீர், சோர்வு ஆகியவற்றை அருகிருப்பவரே முதலில் காண்பார். 1971இல் வங்காளதேச ஏதிலிகள் தங்கிய போங்காவ் முகாமில் வாந்திபேதி பரவியபோது சிரைவழி நீர்மம் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். அதனை ஊட்டியவர்களுள் நோயாளிகளின் உறவினரும் இருந்தனர். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு, 4 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது.

குடலில் குளுக்கோசு உடன்செல்லும்போது சோடியமும் அதனுடன் நீரும் உறிஞ்சப்படுகின்றன என்பதே இதன் அறிவியல். உலகச் சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கரைசலில் இவ்விரண்டும் லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம் உள்ளன. சிறிது சிறிதாக, இடைவிடாது, வாந்தி எடுத்தால் சற்று நிறுத்தி மீண்டும் ஊட்டுதல் என்னும் பொறுமையான செயலே உயிரைக் காத்தது. உழைச்செல்வான் மருந்தின் ஓர் உறுப்பு என்னும் கூற்றுக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

4. சென்னை மாகாணமும் செவிலியக் கல்வியும்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1664இல் மருத்துவமனை தொடங்கப்பட்டது. முறையான செவிலியப் பயிற்சிக்கு அதன்பின் இரு நூற்றாண்டுகள் ஆயின. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் நிறுவப்பட்டது. மருத்துவச்சிகளுக்கான பயிற்சி 1854இல் அரசு ஒப்புதல் பெற்றது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியப் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனை 1909இல் செவிலியப் பள்ளியைத் தொடங்கியது. சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் 1926இல் இயற்றப்பட்டுப் பதிவுமுறை வந்தது. 1946இல் டெல்லியிலும் வேலூரிலும் பட்டப்படிப்பு தொடங்கியது.

இக்கால வரிசையின் அடியில் ஒரு சமூகத் தடை இருந்தது. அன்னியரின் உடலையும் கழிவையும் தொடுவது தீட்டு எனக் கருதப்பட்ட சமூகத்தில் இத்தொழிலுக்குப் பெண்கள் வரத் தயங்கினர். தொடக்ககால மாணவியருள் ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் மிகுந்திருந்ததற்கு இது முக்கியக் காரணம். 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, நாட்டில் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்தனர் என்றும், 43,000 மக்களுக்கு ஒருவர் என்னும் விகிதமே நிலவியது என்றும் காட்டியது. நோயாளியைத் தொடும் கை தாழ்ந்தது என்ற எண்ணத்திற்கு நாடு கொடுத்த விலையாகவும் இவ்வெண்ணைப் படிக்கலாம்.

உலக அளவில் இதே காலத்தையொட்டிச் செவிலியம் தன்னைத் தானே வரையறுக்கத் தொடங்கியது. வர்ஜீனியா ஹெண்டர்சன் மூச்சு, உணவு, கழிவு, உறக்கம், தூய்மை, கருத்துப் பரிமாற்றம் முதலான 14 தேவைகளை வகுத்து, நோயாளி தாமே அவற்றை நிறைவேற்றும் நிலைக்குத் திரும்ப உதவுவதே செவிலியம் என்றார். 1967இல் யூராவும் வால்ஷும் செவிலியச் செயல்முறையை ஆராய்தல், திட்டமிடல், செயற்படுத்தல், மதிப்பிடல் என நான்கு படிகளாக்கினர். செவிலிய அறுதியீடு பின்னர் ஐந்தாம் படியாகச் சேர்ந்தது. பரிமேலழகர் தனியே எண்ணிய ‘அறிவு’ இங்கே முறையியலாக வடிவம் பெறுகிறது.

5. நோயாளியின் தமிழும் பதிவேட்டின் ஆங்கிலமும்

1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ்வழியே மேலைமருத்துவம் கற்பித்து, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களை உருவாக்கினார். அம்முயற்சி தமிழ்நாட்டுச் செவிலியக் கல்வியில் தொடரவில்லை. மாணவர் ஆங்கிலத்தில் கற்கின்றனர். நோயாளி தமிழில் சொல்கிறார். இடையிலுள்ள மொழிபெயர்ப்பைச் செவிலியரே நாள்தோறும் செய்கின்றனர்.

இம்மொழிபெயர்ப்பில் நோயறிதலே தங்கியுள்ளது. ‘மயக்கமாக இருக்கிறது’ என்பது தலைச்சுற்றலாகவோ, சோர்வாகவோ, நினைவிழப்பின் தொடக்கமாகவோ இருக்கலாம். ‘நெஞ்சு கரிக்கிறது’ என்பதும் ‘நெஞ்சை அடைக்கிறது’ என்பதும் நெஞ்சுவலி என ஒரே சொல்லாகப் பதிவானால், இரைப்பை எரிச்சலுக்கும் இதயக் கோளாறுக்கும் இடையே நோயாளி தாமே செய்து தந்த வேறுபாடு அழிந்துபோகிறது. வயிற்றுப்போக்கும் சீதபேதியும் ஒன்றல்ல. நோயாளியின் சொல்லை அப்படியே எழுதி, பின் விளக்கம் கேட்டுப் பதிவதே முறை. ஆயினும் இவ்வழக்குச் சொற்களை வட்டாரம்தோறும் தொகுத்து, அவற்றின் பொருள் எல்லையை விளக்கும் பாடம் அடிப்படைச் செவிலியத்தில் இடம்பெறவில்லை. இது மருத்துவத் துறையினரால் மட்டும் நிறைவேறும் பணியன்று. தமிழ்த்துறையினரும் ஏற்க வேண்டியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின் வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

• அருகிருந்து கவனிப்பவரை மருத்துவத்தின் உறுப்பாக ஏற்று, அவருக்கு அறிவையும் இன்றியமையாப் பண்பாக வகுத்த மரபு குறளிலும் அதன் உரையிலும் உள்ளது. ஊதியமும் சமூக மதிப்பும் அக்கருத்தைப் பின்பற்றவில்லை.

• காய்ச்சல், படுக்கைப்புண், நீரிழப்பு ஆகிய மூன்றிலும் நோயாளியின் அருகில் நிகழ்ந்த நோக்கலும் பதிவும் ஊட்டலும் சிகிச்சையின் போக்கையே மாற்றின. எளிய செய்முறை எனக் கருதப்படுவது ஆய்வின் விளைவாகும்.

• சென்னை மாகாணத்தில் செவிலியக் கல்வி மெல்ல வளர்ந்தமைக்கு நிறுவனக் குறைபாட்டோடு தீட்டு பற்றிய எண்ணமும் காரணமாயிற்று.

• நோயாளியின் தமிழைக் கற்பித்தல் செவிலியப் பாடத்திட்டத்தின் பகுதியாக வேண்டும். அதற்கான சொற்றொகுப்பு, மொழியியலாரும் செவிலிய விரிவுரையாளர்களும் இணைந்து மேற்கொள்ளத்தக்க ஆய்வுக்களமாக உள்ளது.

செய்முறையை அதன் வரலாற்றோடு கற்கும் மாணவர், நோயாளியை ஏன் புரட்டுகிறோம், ஏன் கேட்கிறோம், ஏன் எழுதுகிறோம் என்பதை அறிவார். அவ்வறிவு உள்ளவரே உழைச்செல்வான் என்னும் பெயருக்கு முழுமையாக உரியவர்.