கூலமும் துலாக்கோலும்

மதுரையை அடுத்த மாங்குளம் மலையில், சமண முனிவர்க்கென வெட்டப்பெற்ற கற்படுக்கைகளை ஒட்டித் தமிழ்பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கணித்தார். கணிநந்தன் என்னும் துறவிக்குப் பள்ளி அமைத்தோருள் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளருடன் வெள்ளறை நிகமத்தோரும் குறிக்கப்பெறுகின்றனர். நிகமம் என்பது வணிகர் கூட்டமைப்பு. வணிகர் ஒன்றுகூடி ஒரு பெயரில் செயலாற்றியதற்குத் தமிழகத்தின் மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் எனக் கொடையாளர் தத்தம் சரக்கைப் பெயரோடு சேர்த்தே பொறித்துள்ளனர். பாணிதம் வெல்லப்பாகு; கொழு ஏர்முனை இரும்பு; அறுவை துணி. உழவனுக்குக் கருவி விற்றவனும், கரும்பின் பயனை விற்றவனும் ஒரே குகைப்பள்ளிக்கு அறம் செய்தனர். மதுரையின் கூல வீதியைக் காட்டும் சிலப்பதிகாரமும் துலாக்கோலையும் அம்பண அளவையையும் மறவாது கூறுகிறது.

அளவையே வணிகனின் அறம் சோதிக்கப்படும் இடம். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தாரின் கள்ளாமை விரதத்திற்கு நேரும் அதிசாரங்கள் ஐந்தினை எண்ணுகிறது: களவுக்குத் தூண்டல், களவுப்பொருள் கொள்ளல், அரச நெறியை மீறல், அளவையைக் குறைத்தும் மிகுத்தும் கையாளல், போலிச் சரக்கைக் கலத்தல். கன்னம் வைப்பவனும் மரக்காலைக் குறைப்பவனும் இங்கு ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் உழவர். வடபுலத்திலிருந்து வந்து குடியேறிய சமணருள் பலர் வணிகர். ஆதலின் இவ்விரதம் துலாக்கோலின் இருபுறமும் நின்றோரைப் பிணைத்தது.

பிற்காலச் சந்தைகளில் அவ்வறம் தளர்ந்தபோது இழந்தவன் உழவனே. 1928இல் வெளிவந்த அரச வேளாண்மை ஆணைக்குழுவின் அறிக்கை, பொய்யெடைகளையும் முறையற்ற பிடித்தங்களையும் எடுத்துக்காட்டி, ஒழுங்குமுறைச் சந்தைகளைப் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப்பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பெற்றது. அதன்வழி அமைந்த சந்தைக் குழுக்களில் வணிகரோடு விளைவிப்போரும் இடம்பெற்றனர். எடைபோடும் முறையைப் பற்றிப் பேச, விற்பவனுக்கும் ஓர் இருக்கை கிடைத்தது.

சட்டம் எடைக்கல்லை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கலாம். நாள்தோறும் துலாக்கோலைத் தூக்கும் கையோடு உடனிருப்பது விரதம் ஒன்றே. தம் பெயரையும் சரக்கையும் மறைக்காது பாறையில் பொறித்த அந்த வணிகர், அதனை நன்கு அறிந்திருந்தனர் போலும்.