ரெண்டு கதவு, நாலு கதவு: மெட்ராஸில் செய்த ஹெரால்டின் கதை

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சைக் கொஞ்சம் சுருக்கி, சரிசெய்து தந்திருக்கிறோம்.)



இந்த எபிசோட் ஒரு வாட்ஸ்அப் சண்டையில ஆரம்பிச்சது. எங்க குடும்ப குரூப்ல போன மாசம் ஒரு மெசேஜ் போட்டேன்: "கார் வாங்கப் போறேன். மேனுவல் கியர்தான். ஓட்டுறதுக்கு ஜாலியா இருக்கணும்." ரெண்டு நிமிஷத்துல ராத்தாகிட்ட இருந்து பதில்: "நாங்க எங்க தம்பி உட்காருறது?"

நியாயமான கேள்விதான். நான் சென்னையில கோடு எழுதிட்டு இருக்கேன். வீடு புதுமடத்துல. அங்க வாப்பா, உம்மா, ராத்தா, அவங்க மகன். மச்சான் சவூதியில. நான் ஊருக்குப் போனா கார்ல அஞ்சு பேர். ராமநாதபுரம் ஆஸ்பத்திரி, உச்சிப்புளி ஸ்டேஷன், ராமேஸ்வரம் பக்கம் ஒரு கல்யாணம், எல்லாத்துக்கும் அந்த ஒரே கார்தான்.

வாப்பா இருபது வருஷம் சவூதியில தண்ணி லாரி ஓட்டினவங்க. இப்போ இடது முழங்கால் மடங்காது, அதனால க்ளச் மிதிக்க முடியாது. அவங்க குரூப்ல எதுவும் எழுதல. போன்ல ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "வண்டியில ஆள ஏத்தி ஓட்டிப் பாரு, அப்புறம் முடிவு பண்ணு."

இந்த ஒரு வரியில ஒரு மெட்ராஸ் கம்பெனியோட மொத்த வரலாறும் இருக்குன்னு அப்போ எனக்குத் தெரியாது. அந்தக் கதைதான் இன்னைக்கு.

பெருங்களத்தூர் பக்கத்து ஃபேக்டரி

சென்னையில இருந்து நம்ம ஊருக்கு ஜிஎஸ்டி ரோட்டுல கிளம்பினா, தாம்பரம் தாண்டி பெருங்களத்தூர், வண்டலூர் வரும். இன்னைக்கு அங்க ஐடி ஆபீசும் அடுக்குமாடி வீடுகளும். ஒரு காலத்துல அங்க கார் செஞ்சாங்க. கம்பெனி பேரு ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் இருந்த ஸ்டாண்டர்ட் நிறுவனமும் மெட்ராஸின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து 1948-ல் தொடங்கியது.

அன்றைக்கு இந்தியாவில் கார் என்றால் மூன்றே பேர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், அவர்களுடைய அம்பாசடர். பம்பாயில் பிரீமியர், அவர்களுடைய ஃபியட்; அதுதான் பிற்பாடு பத்மினி ஆனது. மூன்றாவது நம்ம மெட்ராஸ் ஸ்டாண்டர்ட். எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு அரசு லைசென்ஸ் வேண்டும். ஒரு கட்டத்தில் விலையைக்கூட அரசே நிர்ணயித்தது.

1961-ல் இவர்கள் கொண்டுவந்த கார்தான் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். சின்னதா, விளக்குக்கு மேல புருவம் தூக்கினா மாதிரி ஒரு முகம்.

அதுல என்ன ஜாலி?

ஹெரால்ட் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் என்ற பெயரில் 1959-ல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜோவான்னி மிகெலோட்டி. எஞ்சின் வெறும் 948 சிசி. பவரை வைத்துப் பார்த்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் மற்ற எல்லாம் ஓட்டுகிறவனை நினைத்தே செய்த மாதிரி இருக்கும்.

முதலில் திருப்பம். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். நம்ம ஊர் சந்துக்குள்ள போய் ரிவர்ஸ் எடுக்காம வந்துரலாம். ஸ்டியரிங் ரேக் அண்ட் பினியன் வகை, கை அசைந்தால் சக்கரம் அசையும். கியர் தரையில், ரெண்டு சீட்டுக்கும் நடுவில். போனட் முன்பக்கமாக மொத்தமாகக் கவிழும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்தக் காலத்தில் புதுக் கார்கள் பலவும் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகச் சேர்ந்தே வர ஆரம்பித்திருந்தன. ஹெரால்ட் அப்படி இல்லை, தனி சேஸிஸ். காரணம் ஒரு வியாபாரத் தகராறு. ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்த கம்பெனியைப் போட்டியாளர் பிஎம்சி வாங்கிவிட்டது. அதனால் சின்னச் சின்னத் தகடுகளாகப் பல இடத்தில் செய்து, போல்ட் போட்டு மாட்டுகிற மாதிரி வடிவமைத்தார்கள். எங்க வேலையில மாட்யூலர்னு சொல்வோமே, அதே. இந்த சேஸிஸ் மேலேயே வேற உடல் வைத்து 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஆக, மெட்ராஸ்ல ஓடின ஒரு குடும்பக் கார், ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

பின்சீட்டுல யாரு?

பிரச்சினை என்னவென்றால் ஹெரால்டுக்கு ரெண்டே கதவு. பின்னால் போக முன்சீட்டைச் சாய்த்து, உடம்பைக் குறுக்கி நுழையணும். இங்கிலாந்தில் வாங்கியவர் பெரும்பாலும் தானே ஓட்டினார். பின்சீட்டு குழந்தைகளுக்கும் பைக்கும்.

இங்கே கதை வேற. கார் வாங்குகிற பலர் டிரைவர் வைத்திருந்தார்கள். முதலாளி உட்காருவதே பின்சீட்டில். சேலை கட்டிய அம்மா, வயசான மாமியார், மடியில் ஒரு குழந்தை, எல்லாரும் சீட்டைத் தாண்டி ஏறணும்னா எப்படி?

அம்பாசடர்ல கியர் லீவர் தரையில் இல்லை, ஸ்டியரிங் தண்டிலேயே இருந்தது. அதனால் முன்னால் நீளமான பெஞ்சு சீட்டு போட முடிந்தது. முன்னால் மூணு பேர், பின்னால் மூணு பேர், அவசரத்துக்கு இன்னும் ரெண்டு பேர். ஃபியட்டிலும் அதே ஏற்பாடு. கியர் எங்கே இருக்கணும் என்பதையே ஏறுகிற ஆள் கணக்குத்தான் முடிவு செய்தது. பின்னால் 1990-களில் அம்பாசடரில் இசுஸு எஞ்சின் வந்தபோது, அஞ்சு கியர் தரைக்கு இறங்கியது. கூடவே தனித்தனி முன்சீட்டும் வந்தது. நடுவில் உட்கார்ந்தவரின் இடம் போனது.

மெட்ராஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? 1960-களின் கடைசியில் ஹெரால்ட் மார்க் 3 வந்தது, நாலு கதவோடு. உலகத்தில் வேறு எங்கேயும் ஹெரால்டுக்கு நாலு கதவு கிடையாது. கோவென்ட்ரி செய்யாததை பெருங்களத்தூர் செய்தது. அதை வைத்து கம்பேனியன் என்று ஒரு ஸ்டேஷன் வேகனும் செய்தார்கள்.

எனக்கு இதைப் படிச்சப்போ உடம்பு சிலிர்த்துருச்சு. ஆனா கதை இங்க முடியல.

கதவு கூடினால் கனமும் கூடும்

ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். நடுவில் டிஃபரென்ஷியல் சேஸிஸோடு இறுக்கி இருக்கும். ரெண்டு பக்கமும் அரை அரை ஆக்சில், கதவுக் கீல் மாதிரி அங்கிருந்து மேலும் கீழும் ஆடும். எல்லாவற்றுக்கும் மேலே குறுக்காக ஒரே ஸ்பிரிங் பட்டை. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதுக்குத் தெரியாது. மோசமான ரோட்டில் சொகுசு.

ஆனால் ஆள் கணக்கு மாறினால் இதன் குணமும் மாறும். தனியாக வேகமாக வளைவில் திருப்பினால், பின்பக்கம் தூக்கி வெளிச்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். பிடி போகும். அஞ்சு பேரை ஏற்றினாலோ பின்பக்கம் தாழ்ந்து, ரெண்டு சக்கரமும் மேலே உள்பக்கம் சாய்ந்து நிற்கும். டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும்.

அம்பாசடரில் ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே முழு ஆக்சில், ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டை. மாட்டுவண்டி அச்சு மாதிரிதான். ஆனால் எந்த ஊர் பட்டறையிலும் சரி பண்ணலாம். இந்திய மெக்கானிக்குகளுக்கு ஹெரால்டின் ஆடும் ஆக்சில் பிடிக்கவில்லை.

1972-ல் கம்பெனி அடுத்த காரைக் கொண்டுவந்தது: ஸ்டாண்டர்ட் கெஸல். அதே 948 சிசி, அதே நாலு கதவு. முகம் மாறியது, பின்னால் மாட்டுவண்டி பாணி முழு ஆக்சில் வந்தது. பயணிக்காக முதலில் கதவு சேர்த்தார்கள், மெக்கானிக்குக்காக அப்புறம் ஆக்சிலை மாற்றினார்கள். ரெண்டு முடிவும் தனித்தனியாகப் பார்த்தால் சரியான முடிவுகள். ஆனால் எஞ்சின் மட்டும் 1959-லேயே நின்றுவிட்டது. கெஸல் ரொம்பக் கம்மியாகத்தான் உற்பத்தியானது. 1970-களின் பிற்பகுதியில் அதுவும் நின்றது.

கடைசி முயற்சி 1985-ல். ஸ்டாண்டர்ட் 2000. உடல், இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. அங்கே அது 3.5 லிட்டர் வி8 எஞ்சினோடு போலீஸ்கூட ஓட்டிய வேகமான கார். நம்ம ஆட்கள் அதுக்குள்ள வைத்தது பழைய வேன்கார்ட் எஞ்சின் பரம்பரையின் நாலு சிலிண்டர். ஹெரால்டில் ஜாலி இருந்தது, இடம் இல்லை. இதில் இடம் தாராளம், ஜாலி இல்லை. விலையும் அதிகம். 1988-ல் ஃபேக்டரி கதவு மூடியது.

அதே 1988, அக்டோபர் 2-ஆம் தேதி, பாம்பன் ரோட்டுப் பாலத்தை ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதுக்கு முன்னாடி தீவுக்கு ரோடே கிடையாது, ரயில் மட்டும்தான். யோசிச்சுப் பாருங்க, ஹெரால்ட் ஓடின காலம் முழுக்க அது நம்ம பக்கம் வந்திருந்தாலும் மண்டபத்தோட ரோடு முடிஞ்சிருக்கும். கடல் மேல கார் ஓட்ட வழி வந்த வருஷம், மெட்ராஸ் கார் கதை முடிஞ்சது.

விடை அதே வருஷத்திலேயே இருந்தது

ஹெரால்ட் வந்த அதே 1959-ல், அதே இங்கிலாந்தில், அலெக் இஸிகோனிஸ் மினி காரைக் கொண்டுவந்தார். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, முன்சக்கரத்தையே இழுக்க வைத்தார். பின்னால் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் தேவையில்லை. பத்து அடி நீளத்தில் நாலு பேர் உட்கார்ந்தார்கள், ஓட்டவும் அவ்வளவு உற்சாகம். 1983 டிசம்பரில் மாருதி 800 அதே அமைப்போடு இந்தியாவுக்கு வந்தது. 796 சிசி, நாலு கியர், தரையில் லீவர். இன்னைக்கு நீங்க ஷோரூம்ல பார்க்கிற சின்னக் கார் பெரும்பாலும் அந்த வழி வந்ததுதான்.

அதனால இன்னைக்கு ஜாலியும் இடமும் ஒண்ணா கிடைக்கும். ஆனா வாப்பா சொன்ன சோதனை அப்படியே நிக்குது.

சரி, நம்ம கார்?

முதல் தடவை நான் தனியா டெஸ்ட் ட்ரைவ் போனேன். சின்ன டர்போ, ஆறு கியர். காதலே வந்துருச்சு. ரெண்டாவது தடவை ராமநாதபுரத்துல அஞ்சு பேரும் ஏறினோம். ஷோரூம் தம்பி கொஞ்சம் பயந்துட்டார். முதல் ஸ்பீட் பிரேக்கர்லயே அடி தட்டுச்சு. உம்மா பின்னாடி இருந்து, "மெல்லப் போ வாப்பா"ன்னாங்க. பக்கத்து சீட்டுல வாப்பாவுக்குக் காலை நீட்ட இடம் பத்தல. மூணாவது கியர்ல எஞ்சின் முனக ஆரம்பிச்சதும், நான் யோசிக்கிறதுக்கு முன்னாடியே அவங்க சொல்லிட்டாங்க: "ரெண்டுக்கு வா."

அந்தக் காரை விட்டுட்டேன். கொஞ்சம் உயரமான, எஞ்சின் வேகம் கம்மியிலேயே நல்லா இழுக்கிற ஒண்ணைப் பார்த்தோம். அப்புறமும் ஒரு கேள்வி உறுத்துச்சு. நான் மாசத்துல ரெண்டு நாள்தான் ஊர்ல. மிச்ச இருபத்தெட்டு நாள் ராத்திரி யாருக்காவது முடியலன்னா ஓட்டப் போறது ராத்தா. எத்தனை பேர் உட்காருவாங்கன்னு எண்ணினேன், யார் ஓட்டப் போறாங்கன்னு கேட்கவே இல்ல. ஹெரால்டு செஞ்சவங்களுக்கு பின்சீட்டு ஆள் மறந்து போச்சு, எனக்கு முன்சீட்டு ஆளே மறந்து போச்சு.

ஃப்ரெண்டோட பழைய கார் ஒண்ணைக் கடன் வாங்கி, கடற்கரைப் பக்கம் காலி ரோட்டுல ராத்தாகிட்ட கொடுத்தேன். மூணு தடவை ஆஃப் பண்ணிட்டாங்க. "கஷ்டமா இருந்தா ஆட்டோமேட்டிக்கே எடுத்துரலாம் ராத்தா, எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னேன். நாலாவது தடவை வண்டி நகர்ந்துச்சு. ரெண்டாவது கியர் தானா விழுந்துச்சு. வாப்பா ஒண்ணும் பேசல.

திரும்பி வந்து நிறுத்தினதும் ராத்தா கேட்டாங்க: "ஏன், ஜாலி உனக்கு மட்டும்தானா?"

மேனுவல்தான் புக் பண்ணியிருக்கோம். வாப்பாவோட சீட்டு இடது பக்கம். கியர் சொல்றது அவங்க வேலை.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ யாராவது ஹெரால்டோ கெஸலோ வச்சிருந்தாங்கன்னா, வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.