எலியின் சிவந்த காதுகள்

1932இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சில எலிகளுக்குக் காது சிவந்தது. மெக்னீசியத்தை ஏறக்குறைய முழுசாக நீக்கிய தீவனம் தின்ற எலிகள் அவை. சில நாட்களிலேயே தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிந்தன. பிறகு சிவப்பு வடிந்தது. சின்னச் சத்தத்துக்கெல்லாம் மிரண்டன. கடைசியில் ஒரு ஓசை போதும், வலிப்பு வந்து செத்துப்போயின. குரூஸ், எல்சா ஓரண்ட், மெக்கலம் மூவரும் இதை எழுதினார்கள். குறைபாட்டின் முதல் அடையாளம் ரத்தக் குழாயில் தெரிந்தது என்பதுதான் என்னை அந்தக் கட்டுரையில் நிறுத்தியது.

மெக்னீசிய உப்பு அதற்கு முந்நூறு வருஷம் முன்பே பிரபலம். 1618இல் இங்கிலாந்தின் எப்சம் ஊர்க் குட்டையில் மாடுகள் வாய் வைக்க மறுத்தன என்று ஒரு கதை உண்டு. அவ்வளவு கசப்பு. வயிற்றைச் சுத்தம் செய்யும் என்று தெரிந்ததும் லண்டன் கனவான்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து குடித்தார்கள். 1695இல் நெகமையா க்ரூ அந்த உப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார், பிறகு காப்புரிமையும் வாங்கினார். இதே க்ரூதான் தாவரங்களை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்த முன்னோடி. இலைப் பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பதும் அந்த உப்பிலிருந்த அதே உலோகம்தான் என்பது பாவம், அவருக்குத் தெரிய வழியில்லை. வில்ஸ்டாட்டர் அதைக் காட்ட இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

எலியிலிருந்து மனிதருக்கு வந்த பாதை தண்ணீர் வழியாகப் போனது. ஜப்பானில் ஜுன் கோபயாஷி என்ற வேளாண் வேதியியலாளர், ஆற்று நீரின் அமிலத்தன்மையும் அந்தந்த வட்டாரத்தின் பக்கவாத மரணங்களும் ஒத்துப்போவதாக 1957இல் எழுதினார். 1960இல் அமெரிக்காவில் ஹென்றி ஷ்ரோடர், கடின நீர் குடிக்கும் இடங்களில் இதய, ரத்தக் குழாய் மரணங்கள் குறைவு என்றார். கடின நீர் என்றால் கால்சியமும் மெக்னீசியமும் கலந்த, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். ஆனால் பக்கவாதம் மிகுந்த வடகிழக்கு ஜப்பானில் உப்பும் அள்ளிப் போட்டுச் சாப்பிட்டார்கள். குற்றவாளி தண்ணீரா, ஊறுகாயா? ஊரை ஊரோடு ஒப்பிட்டால் இந்தக் கேள்வி தீராது.

மருத்துவமனையில் நடந்தது இன்னும் கசப்பு. 1992இல் லெஸ்டரில் மாரடைப்பு வந்தவர்களுக்கு நரம்பு வழியே மெக்னீசியம் ஏற்றியபோது மரணம் சுமார் 24 சதவீதம் குறைந்தது. 1995இல் ஐம்பத்தெட்டாயிரம் பேரிடம் சோதித்த ஐசிஸ்-4 ஆய்வில் பலன் ஒன்றுமில்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். ஒரு நாள் ஊசியும் ஆயுள் முழுக்கச் சாப்பிடும் சோறும் ஒன்றா என்று கேட்டிருக்கலாம்.

எனக்கு இதெல்லாம் வெறும் படிப்பு இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. செல்லுக்குள் இன்சுலினின் கட்டளை நிறைவேற மெக்னீசியம் வேண்டும். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் சிறுநீரில் மெக்னீசியம் கூடுதலாகப் போய்விடும். குறைந்ததால் நோயா, நோயால் குறைந்ததா என்று பிரிப்பது கஷ்டம். ரத்தப் பரிசோதனையும் முழு உண்மை சொல்லாது. உடம்பிலுள்ள சுமார் 25 கிராமில் ஒரு சதவீதம்கூட ரத்த நீரில் இல்லை, பாதிக்கு மேல் எலும்பில் கிடக்கிறது. மாத்திரை வாங்கட்டுமா என்று அம்மா கேட்டாள். 34 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி மாத்திரையால் மேல் ரத்த அழுத்தம் குறைந்தது சராசரியாக 2 புள்ளி. சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கோ மெக்னீசியம் வெளியேறாமல் ரத்தத்தில் சேர்ந்து ஆபத்தாகும். "டாக்டரைக் கேக்காம வாங்காதம்மா" என்றேன்.

சாப்பாட்டுக் கணக்கு வேறு. நெல்லில் மெக்னீசியம் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. ரைஸ் மில்லில் தீட்டத் தீட்ட அது தவிட்டோடு போய் மாட்டுத் தொட்டியில் விழுகிறது. வெள்ளையாக மின்னுகிற மிச்சத்தைத்தான் நாம் மூன்று வேளையும் சாப்பிடுகிறோம். கேழ்வரகை முழுசாக அரைப்பதால் அதில் தங்கிவிடுகிறது. கம்பு, எள், நிலக்கடலை, கீரை எல்லாம் அப்படியே. அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவு என்று அமெரிக்கச் செவிலியர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2004இல் சொன்னது. அது மெக்னீசியத்தின் வேலையா, கூடவே வரும் நார்ச்சத்தின் வேலையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கூழ் குடிக்கிறவருக்கு இரண்டும் ஒரே கிண்ணத்தில்தான் வருகிறது.