ஹூக்ளிக் கரையில் பிறந்த துருவக் கப்பல்

மும்பையில் குடியேறிய தமிழர்களாகிய நாம் கப்பற்கட்டும் கலையைப் பற்றிப் பெருமை பேசத் தொடங்கினால், வாடியா குடும்பத்தின் நினைவே முதலில் வரும், அது நியாயமுங்கூட. 1736-இல் சூரத்திலிருந்து வந்த லௌஜி நுஸர்வான்ஜி வாடியாவும் அவருடைய சந்ததியாரும், கோட்டைப் பகுதியில் லயன் கேட்டுக்கு உட்புறம் இருக்கும் கப்பல் துறையில், பிரிட்டிஷ் கடற்படைக்கே கட்டிக் கொடுத்த கப்பல்கள் பல. அவற்றுள் 'கார்ன்வாலிஸ்' என்பதன் மீது வைத்துத்தான் 1842-இல் சீனத்தோடு நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1817-இல் மிதக்கவிடப்பட்ட 'டிரிங்கோமலி' இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் நகரில் முழு உருவோடு நிற்கிறது. ஆயினும், நம் நாட்டுத் தச்சரின் வாய்ச்சி பட்ட மரம் வடதுருவப் பனிக்கடலுக்குள் நுழைந்து, அங்கேயே தங்கிவிட்ட சரித்திரம் பம்பாய்க்கு உரியதன்று. அது கல்கத்தாவுக்கு எதிர்க்கரையான ஹௌராவுக்கு உரியது. ஐரோலியில் தாணேக் கழியோரத்துப் புழுக்கத்தில் விசிறியின் கீழ் உட்கார்ந்துகொண்டு பனிக்கட்டியைப் பற்றி எழுதப் புகுவது சற்று வேடிக்கைதான் என்றாலும், எழுதாமல் விடவும் மனம் வரவில்லை.

1830-களின் நடுவில் ஹௌராவில் கட்டப்பட்ட அந்த வர்த்தகக் கப்பலுக்கு 'பாபு' என்று பெயர். அக்காலத்தில் ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் கப்பல் துறைகள் நெருங்கியிருந்தன. துறைகளின் முதலாளிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர்; உளி பிடித்தவர்கள் நம்மவர்கள். பெகு நாட்டிலிருந்து கடல்வழியே வந்த தேக்கைப் பலகைக்கும், உள்நாட்டு வனங்களின் சால மரத்தைச் சட்டங்களுக்கும் உபயோகிப்பது அங்கே வழக்கம். ஓக் மரத்தின் அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கிலோ இயற்கையாக ஊறியிருக்கும் எண்ணெய் ஆணியையும் காக்கும், பலகையையும் காக்கும். இந்தியாவில் கட்டிய கப்பல்கள் தங்கள் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று தேம்ஸ் நதிக்கரைக் கப்பற்கட்டுவோர் அந்நாளில் எழுப்பிய கூக்குரலைவிட நம் தச்சருக்கு வேறு நற்சாட்சிப் பத்திரம் தேவையில்லை.

இந்தப் 'பாபு'வைத் துருவத்துக்கு இழுத்துச் சென்றது பிராங்க்ளினின் துரதிருஷ்டம். அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்கு வடமேற்காக ஒரு கடல்வழி காண வேண்டுமென்று 1845 மே மாதத்தில் 'எரிபஸ்', 'டெரர்' என்னும் இரண்டு கப்பல்களோடு புறப்பட்ட ஸர் ஜான் பிராங்க்ளினும், அவரோடு பனிக்குள் புகுந்தவர்களுமாக 129 பேர் என்ன ஆனார்கள் என்பதே தெரியாமல் வருஷங்கள் கழிந்தன. 1850-இல் தேடும் படையொன்றைத் திரட்டிய கடற்படை இலாகா, விலைக்கு வாங்கிய கப்பல்களுள் ஒன்று 'பாபு'. உதவி என்று பொருள்படும் 'அஸிஸ்டன்ஸ்' என்ற புதுப்பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பனியின் நெருக்குதலைத் தாங்கும்படி அதன் பக்கங்களுக்கு இரட்டைப் பலகை தைத்து, முன்மூக்குக்கு இரும்புத் தகடு பொருத்தி, அறைகளுக்குச் சூடான காற்றைச் செலுத்தும் குழாய்களையும் அமைத்தார்கள். ஆஸ்டின் என்பவர் படைத் தலைவர். அவர் ஏறிய கப்பல் 'ரெஸல்யூட்'. நம் கப்பலுக்குத் தலைவர் எரஸ்மஸ் ஒம்மனி.

அந்த வருஷத்தில் பனிக்கடலுக்குச் சென்று தேடிய கப்பல்கள் ஒரு டஜனுக்குக் குறையா. எனினும் முதல் தடயத்தைக் காணும் பாக்கியம் 'அஸிஸ்டன்ஸ்' கப்பலுக்கே வாய்த்தது. 1850 ஆகஸ்டு 23-ஆம் தேதி, டெவன் தீவின் தென்மேற்கு மூலையிலுள்ள ரைலி முனையில் ஒம்மனியின் ஆட்கள் கரையேறினார்கள். புல் பூண்டு அற்ற அந்தக் கல்லாங்கரையில் கந்தல் துணிகளும், இறைச்சி அடைத்து வந்த தகர டப்பாக்களும், கயிற்றுத் துண்டுகளும் சிதறிக் கிடந்தன. அரசாங்கக் கயிற்றைத் திருடி விற்பவர்களைப் பிடிப்பதற்காகக் கடற்படையார் கயிறு முறுக்கும்போதே அதில் ஒரு நிறநூலை ஊடே சேர்த்துவிடுவது வழக்கம். கிடைத்த கயிற்றில் கடற்படையின் அந்த அடையாளம் இருந்தது. வந்தவர்கள் எஸ்கிமோக்களும் அல்லர், திமிங்கில வேட்டைக்காரரும் அல்லர், கடற்படையினரே என்று நிச்சயமாயிற்று. சில தினங்களுக்குள் அருகிலுள்ள பீச்சி தீவில் பிராங்க்ளினின் மாலுமிகள் மூவருடைய கல்லறைகளும் காணப்பட்டன. மூவரும் 1846-இன் முதல் நான்கு மாதங்களுக்குள் இறந்தவர்கள். பிராங்க்ளின் தம் முதல் குளிர்காலத்தைக் கழித்த இடம் இதுவே என்று உலகம் அறிந்துகொண்டது இப்படித்தான்.

பிறகு கடல் உறைந்துவிட்டது. கிரிபித் தீவின் அருகே பனியில் சிக்கி நின்ற கப்பலுக்கு மேலே கித்தான் கூரை வேய்ந்து, சூரியனே உதிக்காத மாதங்களை அவர்கள் கழித்த விதம் படிக்க ரசமானது. 'அரோரா போரியாலிஸ்' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். 'அஸிஸ்டன்ஸ்' கப்பலின் மேல்தளத்தையே அரங்கமாக்கி, உயிரை உறைய வைக்கும் குளிரில் நாடகம் போட்டார்கள். அந்த நடிகர்களுள் இருபது வயது நிரம்பிய கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்ற இளைஞனும் ஒருவன். அவனைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் யாத்திரை 1852-இல். இம்முறை தலைவர் ஸர் எட்வர்டு பெல்ச்சர். 'அஸிஸ்டன்ஸ்' கப்பலே அவருடைய கொடிக்கப்பலாயிற்று. கீழ் உத்தியோகஸ்தர் எவருக்கும் பிடிக்காத சுபாவம் அவருக்கு. வெல்லிங்டன் கால்வாய் வழியே வடக்கே சென்று, இரண்டு குளிர்காலங்கள் பனியில் சிறைப்பட்டு, பொறுமை இழந்த அவர், 1854-இல் தம் வசமிருந்த கப்பல்களுள் நான்கை அப்படியே விட்டுவிடக் கட்டளையிட்டார். ஆகஸ்டு மாதக் கடைசியில் நம் ஹௌராக் கப்பலின் கதவுகளை அடைத்துவிட்டு, மாலுமிகள் பனியின் மேல் நடந்து பீச்சி தீவை அடைந்து, வேறு கப்பல்களில் ஊர் திரும்பினர். இராணுவ நீதி விசாரணையில் பெல்ச்சர் குற்றமற்றவர் என்றே தீர்ப்பாயிற்று. ஆனால் அவருடைய வாளைத் திருப்பிக் கொடுத்தபோது நீதிபதிகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கைவிடப்பட்ட கப்பல்களுள் 'ரெஸல்யூட்' மட்டும் பனியோடு பனியாகத் தானே ஆயிரத்துச் சொச்சம் மைல் மிதந்து வந்து, 1855-இல் ஓர் அமெரிக்கத் திமிங்கிலக் கப்பலின் கையில் அகப்பட்டது. அமெரிக்க அரசாங்கம் அதை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு விக்டோரியா ராணிக்கே பரிசளித்தது. அது உடைக்கப்பட்டபின் அதன் மரத்தில் செய்த மேஜை 1880-இல் அமெரிக்க ஜனாதிபதிக்குச் சென்று, பின்வந்த ஜனாதிபதிகள் பலருடைய மேஜையாக விளங்கியது. அதே படையில் சென்று, முதல் தடயத்தையும் கண்டுபிடித்த 'அஸிஸ்டன்ஸ்' எங்கே மூழ்கியதோ, எந்தக் கரையில் சிதறியதோ! 'எரிபஸ்' 2014-இலும் 'டெரர்' 2016-இலும் கடலடியில் கண்டெடுக்கப்பட்டன. 'அஸிஸ்டன்ஸ்' கப்பலைக் கண்டவர் இல்லை. கீர்த்தி என்பது செய்த காரியத்துக்குத்தான் கிடைக்கிறது என்று நம்புகிறவர்கள் 'ரெஸல்யூட்', 'அஸிஸ்டன்ஸ்' ஆகிய இரண்டின் கதியையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கப்பல் போனாலும், அதில் வளர்ந்த மார்க்கம் நம் நாட்டை விடவில்லை. இந்தியா ஆபீஸில் அமர்ந்த அவர், மலேரியாச் சுரத்துக்கு மருந்தாகிய கொயினா மரத்தைப் பெரு நாட்டின் மலைக்காடுகளில் தேடி எடுத்து 1860-இல் நீலகிரிக்குக் கொணர முயன்றார். அவர் கொண்டுவந்த கன்றுகள் செங்கடல் வெப்பத்தில் வாடிப் பட்டுப்போயின என்றாலும், அவருடைய ஏற்பாட்டின்படி பிறர் அனுப்பிய விதைகளும் கன்றுகளும் உதகையில் மெக்கைவர் என்பவரின் கைப்பட்டுத் தழைத்தன. பனிக்கடலில் கற்ற விடாமுயற்சி தொட்டபெட்டாவின் சாரலில் பயன்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. முதுமையில் ராயல் பூகோள சங்கத்தின் தலைவராகி, ஸ்காட் என்ற வாலிப அதிகாரியைத் தேர்ந்து, 'டிஸ்கவரி' கப்பலில் 1901-இல் தென்துருவத்துக்கு அனுப்பியவரும் இவரே.

இங்கேதான் பம்பாயும் கதைக்குள் நுழைகிறது. பம்பாயைத் தலைமையகமாகக் கொண்ட ராயல் இந்தியன் மரைன் படையில், ஐராவதி நதியிலும் பாரசீக வளைகுடாவிலும் பணி செய்த ஹென்றி பவர்ஸ் என்னும் குள்ளமான இளைஞரை ஸ்காட்டுக்குச் சிபாரிசு செய்தவர் மார்க்கம். நேரில் பார்க்காமலே சேர்த்துக்கொள்ளப்பட்ட பவர்ஸ், 1910-இல் ஸ்காட்டின் அடுத்த தென்துருவ யாத்திரைக்கான 'டெரா நோவா' கப்பலுக்கு வந்த கையோடு திறந்து கிடந்த சரக்கறைக்குள் தலைகுப்புற விழுந்து, ஒன்றுமே நடவாததுபோல் எழுந்து வந்தாராம். 1912 மார்ச்சில் ஸ்காட்டோடு கூடாரத்தில் உயிர்விட்ட இருவருள் அவர் ஒருவர்.

சுதந்திர இந்தியாவின் முதல் அண்டார்டிகா யாத்திரை 1981 டிசம்பர் 6-ஆம் தேதி கோவாவிலிருந்து டாக்டர் காஸிம் தலைமையில் புறப்பட்டது. 'போலார் ஸர்க்கிள்' என்ற அக்கப்பல் நார்வேயிடம் வாடகைக்கு எடுத்தது. அதன்பின் தக்ஷிண கங்கோத்ரி, மைத்ரி, பாரதி என்று பனிநிலத்தில் மூன்று நிலையங்கள் எழுப்பியும், பனியை உடைத்துச் செல்லும் கப்பலுக்கு மட்டும் நாம் அயலாரிடம் வாடகை கொடுத்தே வந்தோம். 2025 ஜூனில் துருவ ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றை நம் நாட்டிலேயே கட்டுவதற்காக, கல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பற்கட்டும் நிறுவனம் நார்வே நாட்டுக் கம்பெனியோடு ஆஸ்லோவில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த நிறுவனமும் ஹூக்ளிக் கரையில்தான் இருக்கிறது. புதுக் கப்பலுக்குப் பெயர் தேடும் பெரியோர்கள், வழக்கமான பெயர்ப்பட்டியலைப் புரட்டும் முன், 'பாபு' என்ற பெயரையும் தயைகூர்ந்து ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.