நரம்பு நச்சுச் சிகிச்சையில் நிக்கோட்டினிக் ஏற்பித் தடுப்பிகள்

நரம்பு நச்சுகளாலும் கரிம பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகளாலும் செயலிழக்கும் தசைகளை மீட்க முயலும் மருந்துகள். இத்துறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

செயல்முறை: தசையை இயக்க நரம்புமுனை அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது, வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைக்கிறது. சரின், சோமன், தாபுன் ஆகிய போர்க்கள நரம்பு நச்சுகளும் கரிம பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகளும் இந்நொதியை முடக்குவதால் அசிட்டைல்கோலின் தேங்குகிறது. மசுக்கரினிக் ஏற்பிகள் மிகையாகத் தூண்டப்பட்டு எச்சிலும் சளியும் பெருகும். இதை அட்ரோபின் அடக்கும். தசைகளிலுள்ள நிக்கோட்டினிக் ஏற்பிகளோ முதலில் தசையைத் துடிக்கவைத்து, பிறகு செயலற்றுப்போகின்றன. மூச்சுத்தசை நிற்கிறது, அட்ரோபினுக்கு இங்கே வேலையில்லை. இந்த ஏற்பிகளை மிகைத் தூண்டலிலிருந்து காப்பதே நிக்கோட்டினிக் ஏற்பித் தடுப்பிகளின் நோக்கம். பிராலிடாக்சைம் போன்ற ஆக்சைம்கள் நொதியை மீட்கலாம்; ஆனால் சோமன் சில நிமிடங்களிலேயே நொதியை மீளாதபடி பிணைத்துவிடுகிறது.

இலங்கை: நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கராலியத்தவும் பூச்சிக்கொல்லி நஞ்சால் பாதிக்கப்பட்ட 10 பேரிடம் கண்ட 'இடைநிலை நோய்த்தொகுதி'யை 1987இல் விவரித்தனர். முதல் நெருக்கடி தணிந்த பின், நஞ்சு ஏறிய 24 முதல் 96 மணி நேரத்துக்குள் நோயாளியின் கழுத்துத் தசை தளர்கிறது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிவதில்லை. பிறகு மூச்சும் திணறுகிறது. நிக்கோட்டினிக் பாதிப்புக்குத் தனி மருந்து வேண்டும் என்பதற்கு இது தெளிவான சான்று. மயக்கவியலில் பயன்படும் ரோக்குரோனியம் என்ற ஏற்பித் தடுப்பியை இத்தகைய நோயாளிகளிடம் சோதித்த சிறு முன்னோடி ஆய்வு இலங்கையிலேயே நடந்து, 2020இல் வெளியானது.

சிங்கப்பூர்: தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோபாலகிருஷ்ணகோனும் மஞ்சுநாத கினியும் இதே ஏற்பிகளைத் தாக்கும் பாம்பு நஞ்சுகளை ஆராய்ந்தனர். மலாயக் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து பெற்ற கேண்டாக்சின், தசை ஏற்பியை மீளக்கூடிய வகையில் தடுக்கிறது என்று அவர்கள் குழு 2002இல் காட்டியது. இது சிகிச்சை மருந்தன்று. ஏற்பியை ஆராய உதவும் கருவி.

எம்பி327: பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வாளர்கள் 2011இல் முன்வைத்த சேர்மம். நச்சூட்டப்பட்ட கினிப்பன்றிகளை இது காத்தது. சோமனால் செயலிழந்த மனித விலாத்தசைத் துண்டுகளும் எலியின் உதரவிதானமும் இதனால் மீண்டும் சுருங்கியதை 2012இல் மியூனிக் ஆய்வாளர்கள் கண்டனர். பாதுகாப்பான அளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி குறுகலாக இருப்பதே இதன் பெருங்குறை.

தற்போதைய நிலை: அட்ரோபின், ஆக்சைம், வலிப்பு அடக்கும் மருந்து, செயற்கைச் சுவாசம் ஆகியவையே இன்றைய சிகிச்சை. போர்க்கள அச்சத்தில் தொடங்கிய இந்த ஆய்வின் பயன், பூச்சிக்கொல்லி நஞ்சால் உயிருக்குப் போராடும் கிராமத்து மக்களுக்கே முதலில் சேரவேண்டும்.